கொல்லையில் கடப்பா கல்: ஆள் வைக்காமல் நாமே பதிக்கலாமா?

கேள்வி | 2023 ஜனவரி 22

கோவில்பட்டி பக்கம் சொந்த வீடு. பின்பக்கம் பன்னிரண்டுக்குப் பத்தடி காலி இடம். கரிசல் மண். மழை பெய்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும், கால் மட்டும் வரும். டைல்ஸ் வேண்டாம், கல்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கூலி கேட்டால் கல்லின் விலையைத் தாண்டுகிறது. நானே பதிக்கலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில் | ஜனவரி 22, இரவு

பதிக்கலாம். நான் பதித்திருக்கிறேன். போன வருஷம் மாசியில், திருச்சிக்கு வெளியே எங்கள் வீட்டுக் கொல்லையில், சமையலறை வாசலுக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே. சுவரோரம் 14 அடி, வெளியே 10 அடி. ரெண்டுக்கு ரெண்டு கடப்பா கல், ஒன்றரை இஞ்சு கனம், 35 கல். உதவிக்கு மைத்துனன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். நாலாவது ஞாயிறு போனை எடுக்கவில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு இஞ்சு மண் எடுங்கள். நாலு இஞ்சு கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மேலே ஒன்றரை இஞ்சு சிமென்ட் கலவை, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து. அதன்மேல் கல். பத்தடிக்கு ரெண்டு இஞ்சு வாட்டம், வீட்டிலிருந்து வெளியே ஓடுகிற மாதிரி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பாயிண்டிங், அதாவது கலவை திணித்து அடைப்பது. ஏழு நாள் ஈரச் சாக்கு. முடிந்தது.

ஜனவரி 23

"முடிந்தது" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. மண்ணைப் பற்றி ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். 140 சதுர அடியில் ஏழு இஞ்சு என்றால் ஏறக்குறைய 80 கன அடி மண். பூமியில் இருக்கும்போதுதான் அது 80. வெட்டிக் குவித்தால் பொருமி 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். அதை எங்கே கொட்டுவது என்று யோசிக்காமல் மண்வெட்டியை எடுத்தேன். ரெண்டு வாரம் கொல்லையில் ஒரு குன்று நின்றது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதில் குடியேறிவிட்டன. முதலில் மண்ணுக்கு இடம் பாருங்கள், பிறகு கல்லுக்கு.

கல்லின் எடையும் சொல்ல வேண்டும். ரெண்டுக்கு ரெண்டு, ஒன்றரை இஞ்சு என்றால் அரைக் கன அடி. கடப்பா கல் கன அடிக்கு 75 கிலோ பக்கம் வரும். ஆக ஒரு கல் 37, 38 கிலோ. தூக்காதீர்கள். நட்டு வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருட்டி நடத்துங்கள், பீரோ நகர்த்துகிற மாதிரி. கடைசி நேரத்தில் மட்டும் கடப்பாரையால் நெம்பி இறக்குங்கள். கடப்பா கல்லுக்குக் கடப்பாரை. பெயர்ப் பொருத்தம் தவிர ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

சிமென்ட் எனக்கு நாலு மூட்டை ஆயிற்று. கலவைக்கு மூன்று, மீதி கல்லுக்கு அடியில் ஊற்றுகிற சிமென்ட் பாலுக்கும் பாயிண்டிங்குக்கும். எம்-சாண்ட் 20 கன அடி.

ஜனவரி 29

கடப்பாவா, கிரானைட்டா, தாண்டூரா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கடப்பா, தாண்டூர், ஷாகாபாத், கோட்டா எல்லாமே சுண்ணாம்புக் கல் சாதி. கடப்பா ஆந்திராவிலிருந்து, தாண்டூர் தெலங்கானாவிலிருந்து, ஷாகாபாத் கர்நாடகத்தின் கலபுரகி பக்கத்திலிருந்து, கோட்டா ராஜஸ்தானிலிருந்து. பூமியிலேயே அடுக்கடுக்காகக் கிடப்பதால் பலகை பலகையாகப் பிளந்து வரும், அதனால்தான் விலை கட்டுப்படியாகிறது. கிரானைட்டும் நம் ஊர்க் கருங்கல்லும் வேறு சாதி. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கெட்டி அதிகம், உழைப்பும் அதிகம். வீட்டில் உள்ள சாதாரண கட்டிங் மெஷினில் கருங்கல்லை அறுத்துப் பார்த்தேன், பிளேடுதான் தேய்ந்தது.

தெலுங்கில் கடப என்றால் வாசற்படி. திருமலைக்குப் போகிற வழியின் வாசல் என்பதால் அந்த ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். அந்த ஊர்க் கல்லை நான் சமையலறை வாசற்படிக்கு வெளியே போட்டது தற்செயல்தான்.

கருங்கல் என்றதும் இன்னொன்று. சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை தெரிந்திருக்கும். கல்கத்தாவில் 17ஆம் நூற்றாண்டில் செத்துப்போன ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைமேல் கிடப்பது அந்த வகைக் கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதைப் பார்த்துவிட்டு, பாறைக்கே அந்த ஆளின் பெயரை வைத்துவிட்டார். சார்னோகைட். உலகம் முழுக்க இப்போது அதுதான் பெயர். நம் ஊர்க் கல், கல்கத்தாவில் செத்தவர் பெயர். கேள்விக்கு இதனால் பைசாப் பிரயோஜனம் இல்லை, தெரியும்.

பிப்ரவரி 5

மன்னிக்கவும். கேள்வியை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். கரிசல் மண் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என் மண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்களுடையது செம்மண்ணும் சரளையும் கலந்தது, வருஷம் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும்.

கரிசல் அப்படி இல்லை. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விழுவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்மேல் நாலு இஞ்சு கிராவலும் சிமென்டும் போட்டுக் கல்லை ஒட்டினால், மண் மூச்சு விடும்போதெல்லாம் பாயிண்டிங் விரியும். ரெண்டு வருஷத்தில் கல்லே பிளக்கும்.

ஆகவே ஜனவரி 22 குறிப்பை அழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கரிசலில் ஒன்றரை அடியாவது வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் சரளை கொண்டுவந்து ஆறு ஆறு இஞ்சாகக் கொட்டி இறுக்க வேண்டும். மேலே சிமென்டு இல்லாமல், ஜல்லி உடைக்கும்போது விழுகிற கிரஷர் தூளில் கல்லைப் படுக்க வைப்பதுதான் நல்லது. மண் அசைந்தால் கல்லும் கூடவே அசைந்துவிட்டுப் போகும். எழும்பின கல்லை நெம்பி எடுத்து, தூளைச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம்.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

ஒன்றரை அடி என்றால் உங்கள் இடத்துக்கு 180 கன அடி மண். பொருமினால் ரெண்டு யூனிட்டுக்கு மேல். கோழிகள் போதாது.

பிப்ரவரி 19

வாட்டத்தைப் பற்றி. இது என் அவமானக் கதை.

மட்டம் எடுக்கக் கொத்தனார்கள் வைத்திருக்கிற தண்ணீர் ட்யூப் தெரியுமல்லவா, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாய்? ரெண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும், அதை வைத்து இந்த மூலையின் மட்டத்தை அந்த மூலைக்குக் கொண்டுபோகலாம். நானும் மைத்துனனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். சுவரில் கோடு போட்டோம், முளை அடித்தோம், நூல் கட்டினோம். மூலைக்கு 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி அளந்து சதுரம் பார்த்தோம். இஞ்சினியர் தோற்றார்.

அந்த வருஷம் ஐப்பசியில் முதல் மழை. தளத்துத் தண்ணீரெல்லாம் அழகாக வெளியே ஓடியது, ஒரு மூலையைத் தவிர. சமையலறை வாசற்படிக்கு நேர் கீழே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆரம்பித்து, அரை மணியில் கோலம் போடுகிற அளவுக்குக் குட்டை. ஆழம் அரை இஞ்சு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குட்டையில் ஒரு காகிதக் கப்பல் மட்டும் விட்டிருந்தாள்.

எதிர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் வந்து பார்த்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ட்யூபுல குமிழி இருந்துச்சா ஸார்?" என்றார். இருந்திருக்கும். நடுவில் ட்யூப் வாளிமேல் வளைந்து ஏறின இடத்தில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் தப்பு மட்டம் காட்டும். பிடிக்கும் முன்பு ட்யூபை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். ரெண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நடக்க வேண்டுமாம். ஒரு நிமிஷ வேலை. கல் காய்வதற்குள் ஒரு குடம் தண்ணீரை நெடுக ஊற்றிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்றார். அதையும் நான் செய்யவில்லை.

பிப்ரவரி 20

கல் காய்வதற்குள் என்று எழுதிவிட்டேன். கலவை காய்வதற்குள். அதுவும் கல் அசையாமல் உட்கார்ந்த பிறகு, சும்மா ஓடவிட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான். கலவை கரைந்து ஓடும்படி ஊற்றாதீர்கள்.

பிப்ரவரி 26

அளவு பற்றிக் கேட்டவருக்கு: ஏழு கல் 14 அடி என்று நான் கணக்குப் போட்டது பள்ளிக்கூடக் கணக்கு. இடுக்குக்கு இடம் விடவில்லை. கல்லுக்குக் கல் 10 மில்லிமீட்டர் விட்டால், ஆறு இடுக்குக்கு 60. ரெண்டேகால் இஞ்சுக்கு மேல். கடைசிக் கல் பக்கவாட்டுச் சுவரில் முட்டியது. அந்த வரிசை ஐந்து கல்லையும் அறுக்க வேண்டியதாயிற்று. கல்லும் ரெண்டு அடி என்றால் ரெண்டு அடியாக வராது. கால் இஞ்சு கூடும், குறையும். கடையிலேயே டேப் வைத்து அளந்து பொறுக்கினால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுங்கள், தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள். கருங்கல் தூசி நுரையீரலில் தங்கினால் போகாது, குவாரிக்காரர்களைக் கேளுங்கள். தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கிற வேலை. இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத பிளக்கில் மெஷினைச் சொருகாதீர்கள்.

மார்ச் 12

ஒருவர் எழுதியிருக்கிறார்: பாயிண்டிங் முடித்த பிறகு கல்மேல் சிமென்ட் படலம் வெள்ளையாக நிற்கிறது, ஆசிட் போட்டுக் கழுவலாமா என்று.

போடாதீர்கள். போடாதீர்கள். போடாதீர்கள்.

எனக்கு ஹார்டுவேர் கடையில் ஒரு பையன் பாத்ரூம் ஆசிட் பாட்டிலைக் கொடுத்து, "எல்லாரும் இதத்தான் அண்ணே வாங்குறாங்க" என்றான். நானும் வாளித் தண்ணீரில் கலந்து முதல் கல்லில் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது கல். சுண்ணாம்புக் கல் என்று மேலே நானே எழுதியிருக்கிறேனே, ஆசிட் பட்டால் அது கரையும். கழுவித் துடைத்தபோது கறுப்புக் கல் சாம்பல் நிறமாகி, தடவினால் சொரசொரவென்று மாவு மாதிரி கையில் ஒட்டியது. நல்ல வேளை மூன்றாவது கல்லோடு நிறுத்தினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் போட்டால் ஒரு வாரம் கறுப்பாக இருக்கும், பிறகு தெருத் தூசியெல்லாம் அங்கே வந்து உட்காரும்.

சிமென்ட் படலம் வராமல் பார்ப்பதுதான் வழி. பாயிண்டிங் கலவையைக் கல்மேல் பரப்பி வழிக்காமல், சின்னக் கரண்டியால் இடுக்குக்குள் மட்டும் திணியுங்கள். சிந்தினதை அப்போதே ஈரச் சாக்கால் துடையுங்கள். காய்ந்துவிட்டால் தேங்காய் நார், தண்ணீர், பொறுமை.

கடையில் கல் சுண்ணாம்பா கிரானைட்டா என்று தெரியவில்லையென்றால், ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். மங்கின தடம் விழுந்தால் சுண்ணாம்பு. கொல்லையில் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாய் போடுகிறவர்களும் இதை மனதில் வையுங்கள்.

ஏப்ரல் 9

தேங்காய் விழுந்து கல் உடைந்துவிட்டது.

ஏப்ரல் 10

நேற்று கோபத்தில் ஒரு வரியோடு போய்விட்டேன். மரத்துக்குப் பக்கத்து வரிசை, ஓரத்திலிருந்து ரெண்டாவது கல். ஒரு தேங்காய்க்கு ஒன்றரை இஞ்சுக் கல் உடையுமா என்று நானும்தான் யோசித்தேன். உடைந்த துண்டை எடுத்தால் கீழே காலி. நாலு மூலையில் நாலு கலவை உருண்டை, நடுவில் காற்று.

யார் வேலை? என் வேலைதான். மூன்றாவது ஞாயிறு மாலை, இடுப்பு விட்டுப்போன நேரம். கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, சிமென்ட் பால் ஊற்றிக் கல் வைத்துத் தட்டுவதற்குப் பதிலாக, நாலு உருண்டை வைத்துக் கல்லை இறக்கினால் மட்டம் சீக்கிரம் வந்துவிடும் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு என்ன, அவசரக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

இன்று காலை சுத்தியல் காம்பால் 35 கல்லையும் தட்டிப் பார்த்தேன். தட்டுகிற கல்லிலேயே ஆட்காட்டி விரலையும் வைத்திருந்தேன், அதிர்வுகூடத் தெரிந்தது. கெட்டியாக உட்கார்ந்த கல் "டக்" என்கிறது. காலிக் கல் "டொய்ங்" என்கிறது, பானையைத் தட்டின மாதிரி. உடைந்ததோடு சேர்த்து ஆறு. ஆறில் நாலு, மரத்துப் பக்க ரெண்டு வரிசையில்.

மே 14

கத்திரி வெயில். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன கோடையிலேயே தெரிந்த விஷயம், ஜனவரியில் உங்களுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை இந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கறுப்புக் கல், மேற்குப் பார்த்த கொல்லை, திருச்சி. துணி உலர்த்தப் போனவள் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி தாவி வந்து, "என்னங்க, இது தளமா தோசைக்கல்லா?" என்றாள். ராத்திரி ஒன்பதுக்கும் கல் சூடு இறங்காது. சமையலறைக்குள் அனல் வருகிறது. கோயில் பிராகாரத்தில் தென்னை நார்ப் பாய் போட்டுத் தண்ணீர் தெளிப்பதையும், வெள்ளைப் பட்டை அடித்திருப்பதையும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டும் கறுப்புக் கல்லை வாங்கினேன். கடையில் தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள், பளபளவென்று மயங்கிவிட்டேன்.

கோவில்பட்டி வெயிலுக்கு மஞ்சள் தாண்டூரோ வெளிர் ஷாகாபாத்தோ வாங்குங்கள். பாலீஷ் போட்டு வழவழப்பாக்காத கல்லாக. பாலீஷ் போட்டது கார்த்திகையில் பாசி பிடித்தால் வழுக்கும்.

ஜூலை 16

மரத்துப் பக்க ரெண்டு வரிசையையும் பெயர்த்துவிட்டேன். 14 கல். கரிசல்காரருக்குச் சொன்ன வைத்தியத்தை எனக்கே செய்துகொள்கிறேன்: கிரஷர் தூள், சிமென்ட் இல்லை.

பெயர்க்கும்போது ஒரு வேடிக்கை. நான் ஏமாற்றி வைத்த காலிக் கற்கள் மூன்றும் ஒரே நெம்பில் முழுசாக வந்தன. கவனமாக, கலவை பரப்பி, மனசாட்சியோடு பதித்த கற்களில் நாலு சுக்குநூறாகிவிட்டன. சிமென்ட் கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

தேங்காய் உடைத்ததோடு சேர்த்து ஐந்து கல் குறைந்தது. அதே கறுப்பு வாங்க மனசு வரவில்லை, மஞ்சள் தாண்டூர் ஐந்து வாங்கி நடுநடுவே போட்டேன். கனம் ஒத்துப்போவதைப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. இப்போது தாயக்கட்டம் மாதிரி இருக்கிறது. வீட்டில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். நம்பலாமா என்று தெரியவில்லை.

செய்த விதம்: பழைய கலவையைக் கொத்தி எடுத்தேன், கிராவலைத் தொடவில்லை. அதன்மேல் ரெண்டு இஞ்சு தூள், லேசாக ஈரப்படுத்தி, ரெண்டு இரும்புக் குழாயைத் தண்டவாளம் மாதிரி வைத்து மட்டப்பலகையை இழுத்தேன். குழாயை எடுத்த தடத்தைத் தூளால் நிரப்பிவிட்டு, பரப்பின இடத்தை மிதிக்காமல் முன்னாலிருந்து கல்லை இறக்கினேன். ரப்பர் சுத்தியல். வெளி ஓரத்தில் மட்டும் செங்கலைச் சிமென்டில் நட்டு ஓரக்கட்டு கட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல மரத்தை நோக்கி நடந்துவிடும். மரத்தைச் சுற்றி மூன்றடி விட்டுவிட்டேன். இடுக்கில் தூளும் கொஞ்சம் மண்ணும், அருகம்புல் நட்டிருக்கிறேன்.

ஜூலை 30

எறும்பு. இடுக்கில் போட்ட தூளைக் கூடை கூடையாக வெளியே கொண்டுவந்து குவிக்கின்றன. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை திரும்பப் பெருக்கி உள்ளே தள்ளுகிறேன். யார் முதலில் சலித்துப்போகிறார்கள் என்று பார்ப்போம்.

நவம்பர் 5

நல்ல மழை. சிமென்ட் பக்கத்துத் தண்ணீர் வழக்கம்போலத் தாவி ஓடி வந்து, தூள் பக்கம் வந்ததும் வேகம் குறைந்து இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. மழை விட்டுக் கால் மணியில் அந்த ரெண்டு வரிசை காய்ந்துவிட்டது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது அப்பா தோண்டின குழி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நான் தளம் போட்டபோது குழிக்குப் போகிற வழியைச் சிமென்டால் அடைத்திருந்தேன் என்பதையே இப்போதுதான் கவனிக்கிறேன். கிணற்று மட்டம் ஏறுகிறதா என்று கேட்காதீர்கள், ஒரு மழையில் தெரியாது.

சமையலறை வாசல் குட்டை அப்படியே இருக்கிறது. இந்த வருஷக் கப்பல் பிஸ்கெட் அட்டையில் செய்தது.

எறும்பு சலிக்கவில்லை. ஆனால் அருகம்புல் வேர் பிடித்த இடுக்குகளை விட்டுவிட்டன.

டிசம்பர் 19

தூத்துக்குடி மாவட்டச் செய்தி பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். கோவில்பட்டிக்காரரே, வீட்டில் எல்லாரும் நலம்தானா? ஒரு வரி போடுங்கள். கல்லெல்லாம் அப்புறம்.

கேள்வி கேட்டவர் | டிசம்பர் 27

எல்லாரும் நலம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கார்த்திகையில்தான் குழி வெட்ட ஆரம்பித்தேன், ஒன்றரை அடி முடித்திருந்தேன். இப்போது அது நீச்சல் குளம். மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிடவா?

டிசம்பர் 27

அப்பாடா.

மூடாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் போகாமல் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போட்டு, தினம் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். நாலைந்து நாளாகியும் விரல்கடை அளவுதான் இறங்கினால், சரளை கொட்டினாலும் அது கரிசலுக்குள் வைத்த தொட்டிதான், தண்ணீர் வெளியேற ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டியாக வேண்டும். வற்றினதும் அடியில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கெட்டியான சுக்கான் பாறை தட்டுப்படுகிறதா, இன்னும் களியாகத்தான் போகிறதா என்று எழுதுங்கள். தையில் சரளைக்குச் சொல்லலாம்.